நங்கூரம்: எடையை நம்பி ஏமாற வேண்டாம்

பாக் விரிகுடாவில் கரையை விட்டு வெகுதூரம் போனாலும் ஆழம் அவ்வளவாகக் கூடாது. பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். அதனாலேயே வல்லமும் ஃபைபர் படகும் வைத்திருப்பவர்களில் பலர் நங்கூரத்துக்காக மெனக்கெடுவதில்லை. ஆனால் காற்று எழுந்தால், ஆழம் குறைந்த கடலில்தான் அலைகள் செங்குத்தாக, நெருக்கமாக வரும். ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கி, கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது எது?

நம்பிக்கை: கனமான கல் இருந்தால் போதும்.

உண்மை: 10 கிலோ கருங்கல் கடலுக்குள் இறங்கியதும் 6 கிலோ அளவுக்குத்தான் கனக்கும். சிமென்ட் கட்டியின் கதையும் அதேதான். இழுத்தால் இரண்டும் தரையில் வழுக்கிக்கொண்டு வரும். அகன்ற தகடுகள் உள்ள இரும்பு நங்கூரமோ, இழுக்க இழுக்க ஏர்க்கொழுவைப் போல மண்ணுக்குள் இறங்கும். தன் எடையைவிடப் பல மடங்கு இழுவையைத் தாங்கும். இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளில் பயன்பட்ட டான்ஃபோர்த் நங்கூரம் இந்த வகைதான். வாங்கும்போது எடையோடு தகட்டின் அகலத்தையும் பாருங்கள்.

நம்பிக்கை: இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நான்கு மீட்டர் கயிறு தாராளம்.

உண்மை: கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வோர் அலையும் நங்கூரத்தைப் பிடுங்கி எடுத்துவிடும். தரையோடு ஒட்டிய இழுப்பில்தான் அது மண்ணுக்குள் புதையும். கணக்கிடும்போது நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஆழம் 2 மீட்டர், அணியம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 3. அமைதியான கடலில் அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 15 மீட்டர் விடுங்கள். காற்று அடித்தால் ஏழு மடங்கு, 21 மீட்டர். ஆழம் குறையக் குறைய அணிய உயரத்தின் பங்கு கூடும். அதை விட்டுவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

நம்பிக்கை: நல்ல கயிறு இருக்கும்போது சங்கிலி வீண் செலவு.

உண்மை: நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி இருந்தால் நங்கூரத்தின் தண்டு தரையோடு படிந்து கிடக்கும், பாறையும் சிப்பியும் கயிற்றை அறுக்காது. கயிறு நைலானாக இருப்பது நல்லது. அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். பக்கத்தில் போகும் படகின் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

நம்பிக்கை: ஒரே நங்கூரம் எல்லாத் தரைக்கும் ஆகும்.

உண்மை: மணலுக்கும் சேற்றுக்கும் தகடு நங்கூரம், பாறைக்குக் கொக்கி நங்கூரம். பாறையில் சிக்கினால் பின்பக்கமாக இழுத்து விடுவிக்க, நங்கூரத்தின் அடியில் தனிக் கயிறு ஒன்று கட்டி வைக்க வேண்டும். பழவேற்காடு ஏரி போல மார்பளவும் இல்லாத நீரில், சேற்றில் ஆழ ஊன்றிய மூங்கில் கழியே சிறு படகை நிறுத்திவிடும். கடற்புல் மீது மட்டும் எதையும் போடாதீர்கள். அங்கே நங்கூரம் சரியாகப் பிடிக்காது, புல்லின் வேரையும் அறுத்துவிடும். தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு உணவும் மீன்குஞ்சுகளுக்கு வீடும் இந்தப் புல்தான். தெளிந்த நீரில் அடித்தரை கண்ணுக்குத் தெரியும். மணல் திட்டாகப் பார்த்து இறக்குங்கள். பவளப்பாறைக்கும் இதே கவனம் வேண்டும்.

நம்பிக்கை: நங்கூரத்தைப் படகின் எந்தப் பக்கத்திலும் கட்டலாம்.

உண்மை: சிறு படகில் இதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. எஞ்சின் கனத்தில் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். கயிற்றையும் அங்கே கட்டினால், எதிரே வரும் அலை நேராகப் படகுக்குள் ஏறும். எப்போதும் அணியத்தில்தான் கட்ட வேண்டும்.

நங்கூரத்தை வீசி எறியாமல் மெதுவாக இறக்குங்கள். படகைப் பின்னுக்கு நகர்த்தி, அது மண்ணைப் பிடிக்கும்வரை இழுத்துப் பாருங்கள். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு ஊசலாடுவதையும் தாண்டி அவை விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். உடனே இன்னும் கயிறு விடுங்கள். எஞ்சின் நின்றுபோன வேளையில் படகைப் பிடித்து நிறுத்த நங்கூரம் ஒன்றுதான் இருக்கிறது. வலைக்கும் எஞ்சினுக்கும் காட்டும் அக்கறையை நங்கூரத்துக்கும் காட்டுவோம்.