அவசரக் கையெழுத்து வேண்டாம்
வீதி விபத்தும் காப்புறுதி நட்டஈடும்

விடியப்புறம் கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார் ஒரு விவசாயி. பின்னால் வந்த வான் மோதியதில் கால் எலும்பு முறிந்தது. ஆறு கிழமை சென்றது. பிளாஸ்டர் இன்னும் கழற்றப்படவில்லை. காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். "50,000 ரூபா தரலாம். இதில் ஒரு கையெழுத்து வையுங்கள்" என்றார். கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டிலோ கடைக்கடன் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்ய வேண்டும்?

இது ஒரு தனி ஆளின் கதையன்று. விளங்கிக்கொள்வதற்காக நாம் அமைத்துக்கொண்ட உதாரணம். ஆயினும் வாசிப்பவர்களில் சிலருக்கு இது தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் கண்டி – யாழ்ப்பாண வீதியும் அதன் கிளை வீதிகளும் திருத்தப்பட்டன. வாகனங்களின் வேகம் கூடியது. அதே வீதியில்தான் நாம் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கால்நடையாகவும் போய்வருகிறோம். ஆகவே இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசிப்பது நல்லது.

இது யாருடைய பணம்?

நம் நாட்டில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். முதலாந் தரப்பு வாகனச் சொந்தக்காரர். இரண்டாந் தரப்பு கம்பனி. அந்த வாகனத்தால் அடிபடக்கூடிய நாமே மூன்றாந் தரப்பு. நமக்கு வரக்கூடிய நட்டத்துக்காகவே சொந்தக்காரர் வருடாவருடம் பணம் கட்டியிருக்கிறார். எனவே கம்பனி தருவது தர்மமன்று. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொய்க் கணக்குக் காட்டுவதற்கும் அதில் இடமில்லை.

ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். சாரதிக்கு நீதவான் நீதிமன்றம் விதிக்கும் குற்றப்பணம் அரசுக்குப் போகும். அது நமது நட்டஈடு ஆகாது. நட்டஈட்டைப் பேசித் தீர்க்கலாம். தீராவிட்டால் சாரதிக்கும் சொந்தக்காரருக்கும் எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். தீர்ப்புப் பணத்தைக் கட்டும் கடமை கம்பனிக்கு உண்டு. ஆனால் வழக்கைப் பற்றிக் கம்பனிக்கு உரிய வேளையில் அறிவித்தல் கொடுக்காவிட்டால் அது தப்பிக்கொள்ளலாம். வழக்குப் போடுமுன்னரே சட்டத்தரணி மூலம் அறிவித்துவிடுவது பாதுகாப்பு. மோதியது அரச வாகனமாயின் வழிமுறை வேறு. தாமதியாமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

1. வாகன இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். கண்டவர்கள் இருவரின் பெயரையும் இருப்பிடத்தையும் கேட்டு வையுங்கள்.

2. பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். "பொலிசுக்குப் போக வேண்டாம், செலவை நான் பார்க்கிறேன்" என்று சொந்தக்காரர் சொல்லலாம். அவர் நல்லவராகவும் இருக்கலாம். அவர் தரும் உதவியை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முறைப்பாட்டை விட்டுவிடாதீர்கள். பதிவு இல்லாவிட்டால் பின்னர் விபத்தே நடக்கவில்லை என்றும் சொல்லலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எந்தக் கம்பனியில் காப்புறுதி என்று பொலிஸில் விசாரியுங்கள். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்துக்கு வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆகவே கம்பனியின் பெயரைக் கண்டுபிடிக்க வழியுண்டு.

4. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே படங்களையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோப் பிரதி கொடுங்கள்.

5. யுத்தகாலத்தில் ஷெல்லடியிலோ மிதிவெடியிலோ முன்னரே காயப்பட்டவராயின், அதை வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள். பழைய காயம் எது, விபத்தால் வந்தது எது என்று பிரித்து எழுதும்படி கேளுங்கள். பிரித்து எழுதாவிட்டால் "இந்த நொண்டல் முந்தியே இருந்தது" என்று கம்பனி முழுவதையும் தள்ளிவிடலாம்.

6. கம்பனிக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

"........ திகதி ........ என்னும் இடத்தில் ........ இலக்க வாகனம் மோதியதால் நான் காயப்பட்டேன். ........ பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியப்பட்டுள்ளது. தொடர்ந்து சிகிச்சை பெற்று வருகிறேன். சிகிச்சை முடிந்ததும் எனது நட்டத்தின் விபரத்தைச் சமர்ப்பிப்பேன். எனக்கு வரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தற்காலிகக் கொட்டிலிலோ உறவினர் காணியிலோ இருப்பவர்களுக்குக் கடிதம் போய்ச்சேருவது அரிது. பங்குத்தந்தையின் அனுமதியோடு பங்குமனை முகவரியைக் கொடுக்கலாம். இடம் மாறினால் கம்பனிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானம்

"உமக்கு மாதச் சம்பளம் இல்லையே, என்ன நட்டம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். உத்தியோகத்தருக்குச் சம்பளச் சீட்டு இருப்பதுபோல் கமக்காரனுக்கும் சில சாட்சிகள் உண்டு. கமநல சேவை நிலையத்தில் உள்ள வயல் பதிவு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கிராம அலுவலரின் கடிதம், அயல் விவசாயிகள் சமாதான நீதவான் முன் முடித்துக் கொடுக்கும் சத்தியக் கடதாசி என்பன உதவும். இடம்பெயர்வில் உறுதியும் அட்டைகளும் தொலைந்திருந்தால், தொலைந்தது பற்றிய பொலிஸ் பதிவை எடுத்துவைத்துக்கொண்டு, மேலே சொன்னவற்றில் கிடைப்பதைச் சேருங்கள். குத்தகைக்குக் கமம் செய்தவரும், கூலிக்குப் போனவரும், வீட்டுத்தோட்டம் செய்த தாய்மாரும் தம் உழைப்பின் இழப்பைக் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நமது உதாரணத்து விவசாயி 90 வேலைநாட்களை இழந்தார் என்றும், நாட்கூலி 2,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். அது 180,000 ரூபா. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்ற மனைவி 14 நாட்கூலியை இழந்தார். அது 28,000 ரூபா. கிளினிக்குக்கு 8 முறை போய்வந்த செலவு, முறைக்கு 600 ரூபாப்படி, 4,800 ரூபா. மொத்தம் 212,800 ரூபா.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகக் கிடைத்ததால் செலவே இல்லை என்று நினைத்திருந்தோம் அல்லவா? இந்த 212,800 ரூபாவிலும் அவர் பட்ட நோவு சேரவில்லை. இனி மண்வெட்டி பிடித்து வரம்பு கட்ட முடியுமா என்ற கேள்வியும் சேரவில்லை. கால் கட்டையாகிப் போனால் வரப்போகும் ஒவ்வொரு பெரும்போகமும் அந்தக் கணக்கில் வந்துவிடும். 50,000 ரூபா எவ்வளவு சிறியது என்பது இப்போது விளங்கும்.

நமது பக்கத்துப் பிழையையும் மறைக்கக் கூடாது. இருட்டில் வெளிச்சமில்லாமல் சைக்கிள் ஓடியிருந்தால் அதற்குரிய பங்கு குறைக்கப்படும். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. காற்பங்கு பிழை நம்முடையதாயின் 212,800 ரூபா 159,600 ரூபாவாகும். "உன்னிலும் பிழை, ஆகையால் ஒரு சதமும் இல்லை" என்று எவரும் சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

ஒரு கையெழுத்தும் இரண்டு வருடமும்

கம்பனி நீட்டும் கடதாசியில் பெரும்பாலும் இருப்பது ஒரே கருத்து: "இத்தொகையை முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எவ்வித கோரிக்கையும் எனக்கில்லை." இதில் கையெழுத்தோ கைவிரல் அடையாளமோ வைத்தபின், மறுவருடம் காலில் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டுமென்றாலும் கதவு பூட்டியதே. எனவே காயம் எங்கே வந்து நிற்கும் என்று வைத்தியர் சொல்லும்வரை இறுதித் தீர்வுக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். விளங்காத மொழியில் உள்ளதில் எப்போதுமே வைக்க வேண்டாம். "வாசிப்பித்துப் பார்த்து ஒரு கிழமையில் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. அவசரத் தேவைக்குப் பணம் வாங்கினால், "ஒரு பகுதி மட்டும், இறுதித் தீர்வு அல்ல" என்று தெளிவாக எழுதிய பற்றுச்சீட்டுக்கே கையெழுத்திடுங்கள். கம்பனி இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஆனால் பொறுத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "உமது விடயம் பரிசீலனையில் உள்ளது" என்று கம்பனி கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பதால் அந்த இரண்டு வருடம் நீளாது. பேச்சிலேயே நாளைக் கடத்திவிட்டு, காலம் முடிந்ததும் கையை விரித்தால் நாம் எதுவும் செய்ய முடியாது. ஆகவே விபத்து நடந்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள். ஒரு வருடம் முடியும்போது தீர்வு வராவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். வசதியற்றவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து "நான் எடுத்துத் தருகிறேன்" என்னும் தரகரிடம் கடதாசிகளைக் கொடுக்க வேண்டாம்.

சமாரியன் செய்தது

நல்ல சமாரியன் உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவன் காயத்தைக் கட்டினான், சாவடிக்குக் கொண்டுபோனான் என்பது நினைவில் நிற்கிறது. போகும்போது அவன் செய்ததை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். காயப்பட்டவன் எப்போது எழும்புவான் என்று தெரியாத நிலையில் அவன் கணக்கை மூடவில்லை. காயம் ஆறுமுன் கணக்கை மூடுவது நீதியாகாது என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும். அயலில் ஒருவர் அடிபட்டால் அவரோடு பொலிசுக்குப் போவதும், கடிதம் எழுதிக் கொடுப்பதும், கையெழுத்து வைக்கும் நாளில் பக்கத்தில் இருப்பதும் இன்று நாம் செய்யக்கூடிய சமாரியப் பணி.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் விபத்தில் அடிபட்டவர்கள் யார்? அவர்களில் எவருக்கு இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை?

2. எமது வருமானத்தைக் காட்ட எந்தக் கடதாசிகள் இப்போது எம்மிடம் உள்ளன? இல்லாதவற்றை எங்கே பெறலாம்?

3. ஆங்கிலமோ சிங்களமோ வாசித்துச் சொல்லக்கூடியவர் நமது சங்கத்தில் யார்? எவரும் அவரை நாடலாம் என்று அறிவிப்போமா?