பாட்டரியும் ஒரு பிழையும்

திண்டிவனத்தில் மாமா தம் வேனுக்குப் புதுப் பாட்டரி பொருத்தினார். அவசரத்தில் கம்பிகள் முனை மாறிவிட்டன. ‘படீர்’ என்று பொறி பறந்தது. பிறகு ஒரு விளக்கும் எரியவில்லை. பாட்டியை விழுப்புரத்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டிய நாள் அது!

வேன் பாட்டரியில் 6 மின்கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட், மொத்தம் 12. முனை மாறினால் ஆல்டர்நேட்டரின் டையோடுகள் வழியே பெரும் மின்னோட்டம் பாயும். பியூஸ் தான் உருகி, மற்றவற்றைக் காக்கிறது.

செய்யவேண்டியவை:

1. முதலில் எதிர்முனையைக் கழற்றுக.
2. அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே இடுக. வெறும் கம்பியைச் சுற்றினால் தீப்பிடிக்கலாம்.
3. நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் மாட்டுக.
4. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வருகிறதா என்று பார்க்க. 12-லேயே நின்றால் ஆல்டர்நேட்டர் பழுது.

நல்லவேளை, மாமாவின் வேனில் பியூஸ் மட்டுமே போயிருந்தது. பாட்டி மாலையில் மருத்துவரைக் கண்டார். தோழியரே, மாட்டுமுன் குறியைப் பாருங்கள்!