சிறு வில்லையும் சிற்றுயிரும்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையால் துருப்பிடித்திருந்தன. கண்வில்லையில் விரிசல் விழுந்திருந்தது. குறையுள்ள கருவியும் அதன் குறையறிந்து கையாள்பவனுக்குத் துணை செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சென்ற மழைக்காலத்தில் நானும் இப்பாடத்தைக் கற்றேன். நம் வளாகத்தில் மண்டியிருக்கும் பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டே என் ஆய்வுப் பொருள். அக்களையை ஒடுக்க 1983இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வண்டின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். மழை ஓய்ந்தால் மண்ணுக்குள் போய்விடும். அதற்குள் ஆய்வேட்டுக்குப் படங்கள் வேண்டும். அண்மைப் படத்துக்கென்றே அமைந்த வில்லையின் விலையோ பல்லாயிரம். ஊரில் அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை.

ஆகவே காமிரா வில்லையின் முன்னே திருகி மாட்டும் துணை வில்லைகள் நான்கை ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். அவற்றுள் வலிமை மிக்கது +10. ஆசையோடு அதையே மாட்டினேன். படத்தின் நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல், விளிம்புகளில் நீலமும் சிவப்பும். நெருங்கினாலோ என் நிழல் பட்டு வண்டு உதிர்ந்துவிடும். பத்து நாட்கள் வீணாயின. பிறகுதான் கணக்கைப் பார்த்தேன்.

நண்பர்களே, கணக்கு எளிது. வில்லையின் மேல் குறித்துள்ள எண் டயாப்டர். 100 சென்டிமீட்டரை அதனால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். +4க்கு 25 சென்டிமீட்டர். +10க்கு 10 சென்டிமீட்டர். காமிரா வில்லையை முடிவிலியில் நிறுத்தினால், வண்டு இருக்க வேண்டிய தொலைவும் அதுவே.

உருவத்தின் அளவு என்ன? காமிரா வில்லையின் குவியத் தூரத்தைத் துணை வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் வில்லையில் +10 மாட்டினால், 50ஐ 100ஆல் வகுக்க, அரை மடங்கு. 200 மில்லிமீட்டர் வில்லையில் +4 மாட்டினால், 200ஐ 250ஆல் வகுக்க, 0.8 மடங்கு. வலிமை குறைந்த வில்லை. ஆனால் உருவம் பெரிது, இடைவெளி இரண்டரை மடங்கு! அறைத்தோழரின் 200 மில்லிமீட்டர் வில்லையை இரவல் வாங்கினேன்; வண்டு அசையாமல் நின்றது.

இனிச் செய்முறை. முதலில், காமிரா வில்லையின் முன்விளிம்பிலுள்ள விட்ட அளவைப் பார்த்தே துணை வில்லையை வாங்குக. இரண்டை அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்க. வலியது காமிராவை ஒட்டி இருக்கட்டும். துளையை எஃப் 8 அல்லது 11க்குச் சுருக்கினால் ஓர மங்கல் பெரிதும் குறையும். அப்போதும் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதே. ஆதலால் குவிய வளையத்தைத் திருகுவதை விட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கண்ணில் தெளிவைப் பிடியுங்கள். வண்ண விளிம்பு மட்டும் முழுதும் நீங்காது. அது ஒற்றைக் கண்ணாடியின் இயல்பு. இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த துணை வில்லையில் அது வெகுவாகக் குறையும். விலை சற்றுக் கூடும்.

என் ஆய்வேட்டின் படங்கள் அனைத்தும் இவ்வாறு எடுத்தவையே. வில்லைகள் இப்போது என் விடுதி அறையில் சும்மா இருக்கின்றன. வரும் மழைக்காலத்தில் வேண்டுவோர் தயங்காமல் வந்து கேளுங்கள். கணக்கையும் சேர்த்தே தருகிறேன்.