கரும்பு வெட்டும் பதம் அறிவது எப்படி?

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் கரும்பு பயிரிடுவோர் பலர் மாதக் கணக்கைப் பார்த்தே வெட்டத் தொடங்குகின்றனர். முன்பட்ட ரகங்கள் 10 முதல் 11 மாதங்களிலும், மற்றவை 12 மாதங்களிலும் முதிரும் என்பது பொதுக் கணக்கே. கடைசியில் யூரியா இட்ட வயலும், ஈரம் காயாத வயலும் முதிரப் பிந்தும்.

ஆகவே சாற்றைச் சோதிக்க வேண்டும். வரப்போரத்தை விட்டு, வயலின் உள்ளே பல இடங்களில் 10 கரும்புகள் எடுக்கவும். ஒவ்வொன்றின் நுனிச்சாறு, அடிச்சாறு இரண்டையும் பிரிக்ஸ் மீட்டரில் பார்க்கவும். அளவு 18 முதல் 20 வரை இருந்து, நுனியும் அடியும் ஏறக்குறைய சமமானால் அதுவே பதம். நுனி மிகக் குறைவானால் பொறுத்திருந்து மீண்டும் பார்க்கவும்.

கருவி இல்லாதவர்கள் ஆலையின் கரும்பு அலுவலரையோ, கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். முதிர்ந்த கரும்பு தட்டினால் கணீரென ஒலிக்கும். வளைத்தால் கணுவில் ஒடியும்.

வெட்டுவதற்கு 10 முதல் 15 நாட்கள் முன்பே பாசனத்தை நிறுத்தவும். அடிக்கணுவில் சர்க்கரை அதிகமாதலால் தரையோடு ஒட்டி வெட்டவும். சோகை, கொழுந்தாடை, நீர்ப்போத்து ஆகியவற்றை நீக்கவும்.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைப்பது நல்லது. தாமதித்தால் எடை குறையும், சர்க்கரை சிதையும், வெல்லம் இறுகாமல் இளகும். எனவே ஆலையின் வெட்டு உத்தரவு, ஆள், வண்டி மூன்றும் உறுதியான பின்னரே வயலில் அரிவாள் இறங்க வேண்டும். பத்து மாத உழைப்பின் பலன் இந்தச் சில நாட்களில்தான் இருக்கிறது.