எப்போதாவது ஓர் இழுப்பு: அது மூச்சு இல்லை

வீட்டில் ஒருவர் திடீரென்று சரிந்தால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரைப் போடுங்கள். போனை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். 'நெய்வேலி டவுன்ஷிப்' என்றால் போதாது. வட்டம், தெரு, குவார்ட்டர்ஸ் எண் மூன்றையும் சொல்லுங்கள்.

உலகெங்கும் அவசர அழைப்பை எடுப்பவர்கள் இதயம் நின்றதைக் கண்டுபிடிப்பது இரண்டே கேள்விகளில்: தட்டிக் கூப்பிட்டால் விழிக்கிறாரா? மூச்சு வழக்கம்போல் வருகிறதா? இரண்டாவதில்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வாய் திறந்து மூடலாம். குறட்டைபோல எப்போதாவது ஓர் இழுப்பு வரலாம். 'மூச்சு இருக்கு' என்று சொல்லிவிட்டால் வெறும் மயக்கமென்று நினைத்துவிடுவார்கள். "எப்பவாவது ஒரு இழுப்புதான் வருதுங்க" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். கைகால் சற்று வெட்டி இழுத்தாலும், வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள்.

விழிக்கவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, விடாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட இன்னொருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ்களில் இரவில் வீடு கண்டுபிடிப்பது கஷ்டம்.