ஏரை எரிக்கும் முன்

பாலக்கோடு

அன்புள்ள கண்ணு,

அத்தை எழுதுவது.

உன் கடிதத்தை உங்கப்பா எனக்குக் காட்டவில்லை. உங்கம்மாதான் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. இதை நான் எழுதினேன் என்று அவளிடம் போய்க் கேட்டு வைக்காதே.

இந்தக் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய். விளையாட்டுக்குச் சொல்கிற பேச்சில்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். நானும் அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், உனக்குத் தெரியாததா.

முகாமில் ஒப்புக்கொடுத்தேன், இனி முழுநேர ஊழியம்தான், கடைசி வருஷ நர்சிங் பரீட்சை எழுதப் போவதில்லை, வடக்கே போகிற குழுவோடு கிளம்புகிறேன் என்கிறாய். நான் குறுக்கே நிற்கவில்லை. ஒப்புக்கொடுத்தது கர்த்தருக்கு, தீர்மானம் உன்னுடையது. யோசிக்கிறபோது கூட வைத்து யோசிக்கச் சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

எலிசாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். எலியா சால்வையைப் போட்டதும் மாடுகளை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்துவிட்டுப் பின்னால் போனான் என்று. சரிதான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை முகாமில் வாசித்தார்களா? அப்பா அம்மாவை முத்தமிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டவன் அவன். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுத நிலம் அவர்களுடையது. அவன் எரித்தது சொந்த ஏர். உன் ஏரில் உங்கப்பா வாங்கின கல்விக் கடன் அப்படியே நிற்கிறது. போன பிறகும் எலிசா உடனே மேடை ஏறவில்லை. பிற்பாடு ராஜாக்கள் ஒரு தீர்க்கதரிசியைத் தேடினபோது, எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் அவனை அடையாளம் சொன்னார்கள்.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குச் சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? கோவில் மாதிரி கோபுரம் வைத்த ஜெபாலயத்தைப் பார்த்து இது நம்ம சர்ச்சா என்று கேட்டாய். அதை 1921-ல் தொடங்கினவர்கள் இரண்டு பேர். சவரிராயன் யேசுதாசன் நம் நாட்டுக்காரர், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கதர்தான் உடுத்தினார்கள். 1932-ல் மறியல் நடந்த சமயம் சென்னைத் தெருவில் கதரோடு நின்ற சின்னண்ணன் பேட்டனைப் போலீஸ்காரர்கள் அடித்தார்கள். அந்தச் சேதி லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போனது. இதற்கு மேல் முழுசாக ஒப்புக்கொடுத்தவர்களை எனக்குக் காட்டு. அவர்கள் இரண்டு பேரும் சீமையில் டாக்டருக்குப் படித்து முடித்தவர்கள், கண்ணு. படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்காரவில்லை. ஆசிரமம் என்றால் அங்கே ஆஸ்பத்திரி இருந்தது, தினம் நோயாளிகள் வந்தார்கள். அடுத்த முகாம், அடுத்த ஊர் என்று ஓடாமல், சாகிற வரைக்கும், 50 வருஷத்துக்குக் கிட்ட, அந்த ஒரே இடத்தில் இருந்தார்கள்.

வேலூர் ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையை நானே உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பிரசவம், பெண் டாக்டர் இல்லாமல் மூன்று பேரும் போனார்கள். அழைப்பு ஒரு ராத்திரியில்தான் வந்தது. ஆனால் அந்த அம்மா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்ப் படித்து, 1899-ல் கார்னெல்லில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1900-ல் வந்து சேர்ந்தார்கள். நடுவில் கழிந்த வருஷங்களை எல்லாம் ஊழியம் இல்லை என்று எந்த ஐயராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அசரியா அத்தியட்சர் பி.ஏ. முடிக்கவில்லையே என்று நீ கேட்பாய். உன் வாய் எனக்குத் தெரியும். பரீட்சை நேரத்தில் உடம்புக்கு வந்ததால் எழுத முடியாமல் போனது, அவர் உதறிவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலை பார்த்தார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உண்டாக முன்னின்றதும் அந்த வேலையில் இருந்தபோதுதான். 1909-ல்தான் மிஷனரியாகத் தோர்ணக்கல்லுக்குப் போனார்.

இனி சின்னத் தாத்தா விஷயம். அதை எடுக்கக் கூடாது என்று உங்கப்பா சொல்லிவிட்டார். எடுக்காமல் எனக்கு எழுத வராது.

மாரண்டஅள்ளிப் பக்கம் இருந்த காட்டை அவர் விற்ற பணம் எங்கே போனது என்று உனக்குத் தெரியும். எந்த ஊழியக் குழுவுக்கு என்று நான் பேர் சொல்லப் போவதில்லை. இப்போது அது இருக்கிறதோ என்னவோ. கூட்டத்துக்குக் கூட்டம் சின்னத் தாத்தாவை மேடையில் ஏற்றி, எல்லாவற்றையும் விட்டு வந்த சகோதரன் என்று சாட்சி சொல்ல வைத்தார்கள். அந்த நேரத்தில் சின்னப் பாட்டி தக்காளி மண்டியில் உட்கார்ந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லது தனி, அடிபட்டது தனி. சாயங்காலம் கூலியோடு அடிபட்டதில் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு வருவாள், அதுதான் ராத்திரிக்குக் குழம்பு. ஒரு பிரசங்கியாரும் அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை. சின்னத் தாத்தாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். கூட ஒரு ஆள் வரவில்லை. நான் நர்சிங் சேர்ந்தபோது தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தது அந்தச் சின்னப் பாட்டி. அவளுக்கு மூன்று நாள் கூலி.

சின்னத் தாத்தாவின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. விசுவாசத்தில் பொய் இல்லாத மனுஷன். அவர் விட்டது என்ன, அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது என்று கணக்குப் பார்க்க அவரிடம் யாரும் சொல்லவில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவர் கேட்டதும் பைபிளில்தான் இருக்கிறது.

நான் ராத்திரி டூட்டி பார்த்த காலத்தில், புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்த ஒருவன் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நீயும் படித்திருப்பாய். பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. அந்த நாலு மணிப் புரட்டலை விட்டுவிட்டாலும் கேட்பார் இல்லை, புண் வந்தால் பகல் டூட்டிக்காரி தலையில் விழும். எனக்கு ஒப்புக்கொடுத்தல் என்றால் அந்த நாலு மணிதான். முகாமில் பாட்டுப் பாடி அழுகிறபோது கை தூக்குவது எனக்கும் சுலபமாகத்தான் வந்தது.

வடக்கே போகாதே என்று நான் சொல்லவே இல்லை. பீகாரில், நேபாள எல்லையில், ரக்சௌல் என்று ஒரு ஊர். அங்கே டங்கன் ஆஸ்பத்திரி இருக்கிறது, மிஷன் ஆஸ்பத்திரிதான். அதுபோல் வடக்கே இன்னும் எத்தனையோ இடம். பரீட்சை எழுதி, நர்சிங் கவுன்சிலில் பதிவு வாங்கிக்கொண்டு போனால் உன் கையில் ஒரு வேலை இருக்கும். பதிவு இல்லாமல் போனால் ஒரு ஊசி போடக்கூட உனக்கு உரிமை கிடையாது. பைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாதா என்றால், போதும். பவுல் அப்போஸ்தலன் கொரிந்துவில் கூடாரம் தைத்தது எதற்கு என்று மட்டும் யோசித்துப் பார்.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபப்படாதே. நம் குடும்பத்தில் உன்னை மாதிரி மனசு யாருக்கும் இல்லை. சின்னதில் பவர் கட் ஆனால் எல்லாரும் கத்துவோம், நீ மட்டும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாய். நீ எங்கே போனாலும், எதை எடுத்தாலும், பரீட்சை எழுதினாலும் எழுதாவிட்டாலும், எங்கள் பிள்ளைதான். கர்த்தர் உன்னைப் பெரிய காரியத்துக்கு வைத்திருக்கிறார், இதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் பண்ணி வைக்கிறேன். உனக்குப் பிடிக்காத எதையும் யாரும் பேச மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அத்தை

பி.கு.: பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்று உன் ரூம்மேட்டிடம் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டுப் பையன் மூலம் ஜீபேயில் உனக்குப் போட்டாயிற்று. கடைசித் தேதி வெள்ளிக்கிழமையாம். நீ எழுதவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கே யாராவது ஏழைப் பிள்ளைக்குக் கட்டிவிடு.