திரையில் ஒரு பொத்தான்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் அமைந்த தொழில் நகரம் ஓசூர். அந்நகரைத் தன்னகத்தே கொண்ட கிருஷ்ணகிரி மாவட்டம், 2004-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாந்தோப்புகளுக்கும் மலர்த் தோட்டங்களுக்கும் பேர்பெற்ற இப்பகுதியில், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. அதன்பின் சரக்குந்துகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாகலாயின. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகத்து அத்திப்பள்ளி. ஆதலின் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிப்பதை இங்கே கேட்கலாம். வடமாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரும் பலர் உளர்.

மாணவர்களே! இத்தகைய ஊரில் ஒரு சிறு பட்டறையை மனக்கண்ணால் காண்போம். அங்கே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டுகள் கடையப்படுகின்றன. விட்டம் 24.98-க்குக் குறைதலும் ஆகாது, 25.02-ஐ விஞ்சுதலும் ஆகாது. தொழிலாளி ஒவ்வொரு தண்டையும் திருகு அளவியால் அளந்து, எல்லைகளோடு ஒப்பிட்டு, ஏற்பதையும் தள்ளுவதையும் பிரிக்கிறார். நூறு தண்டுகளைப் பார்த்துக் களைத்த கண், நூற்றோராவது தண்டில் பிழைபடுதல் இயல்பே. அப்பிழை ஆலைவரை சென்றால் பெட்டி முழுதும் திரும்பி வரும்; பட்டறையின் நற்பெயரும் குன்றும். ஒப்பிடும் இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தல் கூடுமன்றோ?

கூடும். ஆயினும் கணிப்பொறியோடு பேசுவது எங்ஙனம்? முற்காலத்தில் அதன் ஆணைச் சொற்களைக் கற்றவரே அதனை ஏவ முடிந்தது. 1968-ஆம் ஆண்டில் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர், கையால் நகர்த்தும் சுட்டியைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1973-இல் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ என்னும் கணிப்பொறி, திரையில் படங்களைக் காட்டி, சுட்டியால் ஏவலை ஏற்றது. 1984-இல் வெளிவந்த மெக்கின்டோஷ் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. சொல்லை மனப்பாடம் செய்யாமல், திரையில் உள்ள பொத்தானைத் தொட்டு ஏவும் இவ்வமைப்பை வரைகலை இடைமுகம் என்பர்.

இதனை அமைத்தல் பெரும் வல்லுநர்க்கே உரியதென்று எண்ணற்க. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் என்பது ஓர் எளிய ஸ்கிரிப்ட் மொழி. அப்பெயர் பாம்பைக் குறித்ததன்று. ஒரு நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து பிறந்தது. நம் மாநிலத்து மேல்நிலை வகுப்பிலும் இம்மொழி பாடமாக உள்ளது. இதனோடு கூடவே வரும் டிகிண்டர் என்னும் கருவித் தொகுதி, சாளரங்களையும் பொத்தான்களையும் ஆக்கித் தருகிறது.

நம் பட்டறைக்கு வேண்டிய உறுப்புகள் ஐந்தே. முதலாவது, திரையில் தோன்றும் சாளரம். இரண்டாவது, ‘தண்டின் விட்டம்’ என்னும் பெயர்ப்பட்டி. மூன்றாவது, அளவை எழுதும் கட்டம். நான்காவது, ‘சரிபார்’ என்னும் பொத்தான். ஐந்தாவது, முடிவைக் காட்டும் இடம். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபின், பொத்தானை அழுத்தினால் யாது செய்ய வேண்டும் என்பதைத் தனியொரு செயற்கூறாக எழுதிப் பொத்தானோடு பிணைத்தல் வேண்டும். முப்பது வரிகளுக்குள் வேலை முடியும்.

இறுதி வரி, நிரலைக் காத்திருக்கச் செய்வது. பேருந்து ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். நடத்துநரின் விசில் ஒன்றாயின் நிறுத்துகிறார், இரண்டாயின் புறப்படுகிறார். விசிலுக்குச் செவி சாய்ப்பதே அவர் கடன். நிரலும் அவ்வாறே அழுத்தலுக்காகக் காத்திருந்து, அழுத்தியதும் உரிய செயலைச் செய்து, மீண்டும் காத்திருக்கும். ஒரு செயல் நெடுநேரம் நீளுமாயின், அடுத்த விசில் அதன் செவியில் விழாது. சாளரம் உறைந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு செயலும் விரைவில் முடிதல் நன்று.

இனி, கருத்தூன்றிக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கட்டத்தில் எழுதுவது எண்ணாயினும், நிரலுக்கு அது வெறும் எழுத்துத் தொடரே. எண்ணாக மாற்றிய பின்னரே ஒப்பிடல் வேண்டும். தொழிலாளி விரைவில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியை இட்டுவிட்டார் என்போம். மாற்றம் நிகழாது, செயற்கூறு பாதியில் நின்றுவிடும். பிழைச் செய்தி பின்னால் உள்ள வேறொரு சாளரத்திற்குச் சென்று மறையும். நம் சாளரமோ ஏதும் நிகழாதது போல் நிற்கும். முந்தைய தண்டிற்குத் தந்த ‘ஏற்கலாம்’ என்னும் சொல் அழியாமல் திரையிலேயே இருக்கும்! அதனை நம்பிய தொழிலாளி, தள்ள வேண்டிய தண்டையும் நல்ல பெட்டியில் இடுவார். குற்றம் அவருடையதன்று, நிரல் எழுதியவருடையது. எனவே பொத்தான் அழுந்தியவுடன் பழைய முடிவை முதலில் அழித்தல் வேண்டும். எண்ணாக மாற இயலாதபோது, ‘அளவை மீண்டும் எழுதுக’ என்று தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

முடிவைப் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டும் காட்டுதலும் போதாது. அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் உளர். நிறத்தோடு சொல்லும் இருத்தல் வேண்டும். அச்சொல் எம்மொழியில்? பைத்தான் நிரலில் தமிழ், கன்னடம், தெலுங்கு எழுத்துகளை அவ்வாறே எழுதலாம். உரிய எழுத்துரு இருப்பின், மொழியைத் தேர்ந்துகொள்ள மேலே ஒரு பொத்தான் வைத்தால் போதும். அவரவர் மொழியில் ஏவலைக் காணும் உழைப்பாளி, பிறரை வினவ நாணி, ஊகத்தால் அழுத்தும் நிலை நீங்கும்.

நிரலின் கணக்கு எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையாளும் மனிதர்க்கு விளங்காவிடில் பயனில்லை. நீவிர் முதல் பொத்தானைத் திரையில் அமைக்கும் நாளில், அதனை அழுத்தப் போகும் எண்ணெய் படிந்த விரலையும், முடிவை நோக்கும் களைத்த கண்ணையும் நினைவிற்கொள்ளுங்கள். அந்நினைவோடு எழுதும் நிரலே நல்ல நிரல்.